குப்பைக் குழாயில் தொடங்கிக் கடற்கரை வரை: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த சூழல் ஆர்வலர்களுக்கு

ஊரில் ஏரி தூர்வாரப் போனவர், கல்லூரி நாட்களில் சீமைக்கருவேலம் வெட்ட வெயிலில் நின்றவர், கடைக்குப் போனால் மஞ்சப்பையை மறக்காதவர் எனப் பலர் வேலைக்கும் படிப்புக்கும் சிங்கப்பூர் வந்து சேர்கிறார்கள். முதல் ஆறு மாதம் வேலை அனுமதி, அறை தேடல், வங்கிக் கணக்கு, புது மேலாளர் என்று ஓடிவிடும். அதற்குப் பிறகு ஒரு மாலை, பிளாஸ்டிக் பையில் தொங்கும் கோப்பியும் இன்னொரு பையில் சோற்றுப் பொட்டலமுமாக மின்தூக்கியில் நிற்கும்போது மனசு உறுத்தும். பழைய ஆளாக மாற எங்கே தொடங்குவது என்று பிடிபடாது.

ஆர்வம் மங்குவதற்குச் சோம்பல் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஊரில் குப்பைமேடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே புகையும். சாயக்கழிவு ஆற்றில் நுரைத்துப் போவதைக் கண்ணால் பார்ப்போம். பார்த்ததால் கோபம் வந்தது, கோபத்தில் வேலை நடந்தது. சிங்கப்பூரில் இதெல்லாம் கண்ணில் படாமல் நடந்துமுடிந்துவிடுகிறது. அதனால் இங்கே முதல் வேலை, கண்ணுக்குத் தெரியாமல் போகிற வழிகளைத் தெரிந்துகொள்வது. பழக்கங்களை மாற்றுவது அதற்கு அடுத்துத்தான்.

முதல் படி: உங்கள் குப்பையைப் பின்தொடருங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் குப்பைக் குழாய் உண்டு. பழைய புளோக்குகளில் சமையலறைச் சுவரிலேயே இருக்கும், புதியவற்றில் மாடிக்கு ஒன்று பொதுவாக இருக்கும். மூடியைத் திறந்து போட்டால் ‘தொப்’பென்று ஒரு சத்தம், அத்தோடு மறந்துவிடுகிறோம். அந்தப் பை லாரியில் ஏறி, துவாஸ் போன்ற இடங்களில் உள்ள எரிஆலைக்குப் போகிறது. எரித்ததும் கொள்ளளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைகிறது, அந்தச் சூட்டில் மின்சாரமும் எடுக்கிறார்கள். மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாதவையும் படகில் ஏறித் தெற்கே புலாவ் செமக்காவ் தீவுக்குப் போகின்றன. 1999இல் திறந்த அந்த நிரப்பிடம்தான் இந்த நாட்டுக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம். 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு.

இந்தப் பாதை தெரிந்துவிட்டால், ஊரிலிருந்து கொண்டுவந்த சில பாடங்கள் இங்கே செல்லாது என்பது புரியும். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று இரண்டு தொட்டி வைத்துப் பழகியவர்கள் இங்கே அதிக விலை கொடுத்து ‘மக்கும் பை’ வாங்குகிறார்கள். குழாயில் போட்டால் அதுவும் எரியத்தான் போகிறது, மக்க வாய்ப்பே இல்லை. பாக்குமட்டைத் தட்டுக்கும் இதே கதிதான். எரிக்கிற ஊரில் பலன் தருவது ஒரு பொருளை வாங்காமல் விடுவதும், வாங்கியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும்தான். எந்தப் பொருளால் செய்தது என்பது இரண்டாம் கேள்வி.

குப்பையைக் கட்டித்தான் குழாயில் போடவேண்டும். கட்டாமல் போட்டால் குழாய்க்குள் ஒட்டிக் கரப்பான் பெருகும். ஆனால் அதற்கென்று பை வாங்க வேண்டியதில்லை. 5 கிலோ அரிசிப் பை, ரொட்டிப் பை, கழிப்பறைத் தாள் சுற்றிவந்த உறை எல்லாம் போதும். ஈரத்தை நன்றாக வடித்துவிட்டுக் கட்டுங்கள். ஈரக் குப்பையை எரிப்பதில் நிறையச் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். தொகை சிறிதுதான். ஆனாலும் முகப்பில் நிற்கும்போது கை தானாகப் பைக்குள் போய்த் துணிப்பையைத் தேடும் பழக்கத்தை அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நீலத் தொட்டியில் என்ன தவறு நடக்கிறது

ஒவ்வொரு வீவக புளோக்கிலும் கீழ்த்தளத்தில் நீலநிற மறுபயனீட்டுத் தொட்டி இருக்கிறது. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒன்றாகவே போடலாம், பிரிக்க வேண்டாம். இது வசதி. தொல்லையும் இதுவே. தொட்டியில் சேர்வதில் ஏறக்குறைய 40 விழுக்காடு அசுத்தமானவை அல்லது மறுபயனீடு செய்ய முடியாதவை. பாதி குடித்த ஒரு பபிள் டீ குவளை சாய்ந்தால், அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிகளும் நாளிதழ்களும் நனைந்து எல்லாமே எரிஆலைக்குப் போகும். நீங்கள் ஒரு வாரம் சேர்த்துக் கொண்டுவந்தது ஒரு நிமிடத்தில் வீணாகும்.

கழுவுவதற்குத் தனியாகக் குழாயைத் திறக்கவேண்டாம். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, தேங்காய்ப்பால் பெட்டி, பால் பெட்டி, தயிர் டப்பா, இட்லிமாவு டப்பா ஆகியவற்றை அதில் அலசுங்கள். பெட்டியைத் தட்டையாக்கி, ஒரு மணி நேரம் கவிழ்த்துவைத்து, காய்ந்தபின் போடுங்கள். பளபளவென்று இருக்கத் தேவையில்லை. உணவும் எண்ணெயும் ஒட்டாமல் இருந்தால் போதும்.

போடக்கூடாதவற்றை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: மெல்லிழைத்தாள், எண்ணெய் பட்ட பீட்ஸா அட்டை, வெள்ளை நுரைப்பெட்டி, உணவகத்தில் கொடுத்த கரண்டியும் முட்கரண்டியும், பீங்கான், துணி, செருப்பு. துணியை மூட்டையாகக் கட்டி நீலத் தொட்டியில் வைத்துவிட்டு நிறைவாக வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அது யாருக்கும் போய்ச்சேராது. நல்ல துணியாக இருந்தால் நன்கொடை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

பானப் புட்டிகளுக்கு 2026 ஏப்ரல் முதல் தனி வழி வந்திருக்கிறது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் புட்டிக்கும் உலோக டப்பாவுக்கும் 10 காசு முன்பணம், அதற்கான குறியீடு இருந்தால் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். புட்டியை நசுக்காதீர்கள். இயந்திரம் குறியீட்டைப் படிக்கமுடியாமல் திருப்பித் தள்ளும்.

பழைய கைப்பேசி, பவர் பேங்க், சார்ஜர், மின்கலம் எதையும் குழாயிலோ நீலத் தொட்டியிலோ போடவே கூடாது. லித்தியம் மின்கலம் லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். இவற்றுக்கென்று கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் மின்கழிவுத் தொட்டிகள் உண்டு. புது குளிர்சாதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கி வீட்டில் இறக்கும்போது, அதே வகைப் பழைய பொருளைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் உள்ள விதி. வாங்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். இறக்க வரும் ஆளிடம் வாசலில் வைத்துச் சொன்னால் நடக்காது.

உடைந்ததைத் தூக்கிப்போடும் முன் ஒருமுறை பழுதுபார்க்க முயலுங்கள். ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற தொண்டூழியர் முயற்சி 2014இல் தொடங்கியது. மின்விசிறி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுபோனால் உங்கள் கையாலேயே பழுதுபார்க்கக் கற்றுத் தருவார்கள். புளோக்குக்குக் கீழே ஹாரன் அடித்து வரும், பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரையும் மறக்காதீர்கள். பழைய நாளிதழுக்கும் இரும்புக்கும் சில காசு கிடைக்கும். அதைவிட முக்கியம், அவர் கைக்குப் போனது சுத்தமாக விற்பனைக்குப் போகும்.

இரண்டாம் படி: ‘பியூபி உட்பட’ அறையில் குடியிருப்பவர்களுக்கு

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். விளம்பரத்தில் ‘பியூபி உட்பட, லைட் குக்கிங்’ என்று இருக்கும். தண்ணீரும் மின்சாரமும் வாடகையில் அடக்கம் என்பதால் மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. குளிரூட்டி இரவு முழுக்க 20 பாகையில் ஓடும். இலட்சியத்தை மெல்லக் கரைப்பதில் இந்த ஏற்பாட்டுக்கு இணை இல்லை என்போம்.

செய்யவேண்டியது, வீட்டுக்காரரிடம் மாதாந்திர மின்கட்டணச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது. பெரும்பாலும் மறுக்கமாட்டார், சிக்கனக்காரர் குடியிருக்கிறார் என்று மகிழவே செய்வார். அதில் அண்டை வீடுகளின் சராசரியும் போட்டிருக்கும். மாதம் ஒருமுறை பார்த்தாலே கை கட்டுக்குள் வரும்.

கணக்கு இப்படி: கூரை மின்விசிறி ஏறக்குறைய 60 வாட். இரவு எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட். சிறிய அறையின் குளிரூட்டி அதே நேரத்தில் நான்கைந்து யூனிட் எடுக்கும். சிங்கப்பூர் மின்சாரத்தில் பெரும்பங்கு, ஏறக்குறைய 95 விழுக்காடு, இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. ஆக ஓர் இரவுக் குளிரூட்டி கிட்டத்தட்ட இரண்டு கிலோ. தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் 25 பாகையில் போட்டு, நேரக்கட்டுப்பாட்டில் அணைத்துவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டால் பலருக்கு அதுவே போதும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். பத்து நிமிட வேலை. தூசி அடைத்தால் குளிர் குறையும், நீங்கள் பாகையை இறக்குவீர்கள், மின்சாரம் கூடும். உட்புறப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். வாடகை ஒப்பந்தங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு என்று எழுதியிருப்பது வழக்கம், தள்ளிப்போடாதீர்கள்.

துணியைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் உலர்த்துவதுதான் இந்த ஊரின் அழகான பழக்கம். உலர்த்தி இயந்திரம் வேண்டவே வேண்டாம். கழி நீளமும் கனமும் உள்ளது என்பதால் முதல் முறை யாராவது காட்டித் தரட்டும். சட்டையின் கைக்குள் கழியைக் கோத்து, கழுத்துப்பட்டைக்கு ஒரு கிளிப்பு, ஓரத்துக்கு ஒரு கிளிப்பு. கனமான துணி சுவர்ப்பக்கம், லேசானது நுனிப்பக்கம். சொட்டச்சொட்ட வெளியே நீட்டினால் கீழ்வீட்டுக்காரரின் காய்ந்த துணி நனையும், சண்டை வரும். நன்றாகப் பிழிந்தபின் நீட்டுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சென்னைப் பழக்கத்தில் வந்தவுடன் ஆர்ஓ இயந்திரம் மாட்டுகிறவர்களும் புட்டித் தண்ணீரைக் கட்டாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. இங்கே குழாய்த் தண்ணீரை நேரே குடிக்கலாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம். ஆர்ஓ ஒரு பங்கு தண்ணீரைத் தர இன்னொரு பங்கையோ அதற்கு மேலோ சாக்கடைக்கு அனுப்பும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கடல்நீரைக் குடிநீராக்கியும், கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்கியும், நிறைய மின்சாரம் செலவழித்து வந்தது. மருந்து வாடை பிடிக்காவிட்டால் ஒரு ஜாடியில் பிடித்துக் குளிரவைத்துக் குடியுங்கள். மழைநீர் வடிகாலில் எதையும் கொட்டாதீர்கள். இந்த நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஒரு நீர்த்தேக்கத்தின் வரத்துப் பகுதியாக்கிவிட்டது. சிராங்கூன் சாலை ஓரத்தில் விழுந்த பிளாஸ்டிக் உறை மழையில் போய்ச் சேருமிடம் குடிநீர் ஏரிதான்.

ஊருக்குப் போகிற விமானத்தையும் மறைக்காமல் கணக்கில் சேர்க்கவேண்டும். சென்னைக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். நிறைந்த விமானத்தில் ஓர் ஆளுக்கு ஒருவழிக்கு 200 கிலோ அளவில் கரியமில வாயு. மேலே சொன்ன கணக்கில் அது நூறு இரவுக் குளிரூட்டிக்குச் சமம். அம்மா அப்பாவைப் பார்க்கப் போகாதீர்கள் என்று யாரும் சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. மூன்று நாள் விடுமுறைக்கு மூன்று முறை பறப்பதைவிட, விடுப்பைச் சேர்த்து ஒரே முறை போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாம்.

மூன்றாம் படி: சாப்பாடு

உணவங்காடியில் பொட்டலத்துக்குப் பதில் சொந்த டப்பாவை நீட்டுவதில் நேரம்தான் முக்கியம். கடைக்காரர் சோறு அள்ளியபின் டப்பாவைக் காட்டினால் வேலை கெடும், முகம் சுளிப்பார். வரிசையில் நிற்கும்போதே மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன் டப்பாவை நீட்டுங்கள். வாய் அகன்ற, ஒரு லிட்டர் எவர்சில்வர் டப்பா கோழிச்சோற்றுக்கும் நாசி பாடாங்குக்கும் சரியாக இருக்கும். குழம்பு தனியாக வேண்டுமென்றால் 200 மில்லிலிட்டர் சின்னக் கிண்ணம். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தேக்காவைச் சுற்றியுள்ள பாத்திரக்கடைகளில் அழுத்தி மூடும் டப்பாக்கள் கிடைக்கும். கோப்பிக்கு 300 மில்லிலிட்டர் குவளை போதும். சில கடைகள் சுகாதாரக் காரணம் சொல்லி மறுக்கும். வாதாடாதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள், அல்லது உட்கார்ந்து பீங்கான் தட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி வையுங்கள். ஒரே கடைக்கு நான்கு முறை டப்பாவோடு போனால் ஐந்தாம் முறை அவரே கையை நீட்டுவார்.

காய்கறிக்குத் தேக்கா ஈரச்சந்தைதான் வசதி. பேரங்காடியில் மூன்று கத்தரிக்காயை நுரைத்தட்டில் வைத்துப் பிளாஸ்டிக்கால் சுற்றியிருப்பார்கள். இங்கே குவித்து வைத்திருப்பதில் நீங்களே பொறுக்கலாம். நான்கைந்து மெல்லிய துணிப்பைகள் கொண்டுபோனால் வெங்காயம், மிளகாய், கீரை தனித்தனியாக வாங்கலாம். கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மூன்று நாள் வாடாது. அழகில்லாத காரணத்தால் கொட்டப்படும் காய்கறியை மொத்த வியாபாரிகளிடம் சேகரித்துப் பகிரும் ‘எஸ்ஜி ஃபுட் ரெஸ்கியூ’ போன்ற தொண்டூழியர்களோடு ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். பெட்டிபெட்டியாக நல்ல தக்காளியைப் பார்த்தபின் வாங்கும் அளவே மாறிவிடும்.

நான்காம் படி: சமையல்கழிவை மண்ணாக்குவது

மண் இல்லாத மாடியில் உரம் செய்ய ஏற்றது பொகாஷி எனப்படும் புளிக்கவைக்கும் முறை. தோசைமாவு புளிக்கவைக்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. காற்றுப் புகாமல் நுண்ணுயிர்களை வேலைசெய்ய விடுகிறோம், அவ்வளவுதான்.

தேவை, இறுக்கமாக மூடும் 12 முதல் 15 லிட்டர் வாளி இரண்டு. அடியில் குழாய் வைத்ததாகவே விற்கிறார்கள். இல்லையென்றால் அடியில் பத்துப் பன்னிரண்டு துளைபோட்ட வாளியை இன்னொரு வாளிக்குள் இறக்கிவைக்கலாம். நுண்ணுயிர் கலந்த பொகாஷித் தவிடு ஒரு கிலோ இருவருக்குப் பல வாரம் வரும். அடியில் ஒரு கைப்பிடித் தவிடு தூவுங்கள். காய்கறித்தோல், வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை, புளிச்சக்கை எல்லாவற்றையும் இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலைக் காம்பும் நறுக்காமல் போனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் ஒரு அடுக்கு, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டித் தவிடு, பிறகு ஒரு தட்டை வைத்து நன்றாக அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் திறக்கவேண்டும். மீந்த சோறு, பொரியல் போடலாம். சாம்பார், ரசம், மோர் என்றால் வடிகட்டிச் சக்கையை மட்டும். தேங்காய் ஓடும் பெரிய எலும்பும் வேண்டாம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அடியில் சேரும் சாற்றை வடித்துவிடுங்கள். நூறு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்தால் செடிக்கு ஊற்றலாம். கலக்காமல் ஊற்றினால் வேர் கருகும். வாளி நிறைந்ததும் இரண்டு வாரம் திறக்காமல் நிழலில் வைத்து, அடுத்த வாளியைத் தொடங்குங்கள். பிறகு ஒரு பங்கு புளித்த கழிவுக்கு இரண்டு பங்கு பழைய தொட்டிமண் சேர்த்து, மூடியில் துளையிட்ட பெட்டியில் போட்டுவைத்தால், இந்த ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு வாரத்தில் கருமண் ஆகிவிடும். அதற்கு முன் செடி நட்டால் புளிப்பில் பட்டுப்போகும்.

வாளியைத் திறக்கும்போது ஊறுகாய் வாசனை வந்தால் சரியாகப் போகிறது. வெள்ளைப் பூஞ்சணம் நல்லது. பச்சையோ கறுப்போ படர்ந்து அழுகல் நாற்றம் அடித்தால் காற்றுப் புகுந்திருக்கும், தவிடு குறைந்திருக்கும் அல்லது சாறு வடிக்காமல் விட்டிருப்பீர்கள். கொஞ்சம் படர்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டுத் தவிட்டை இரட்டிப்பாக்குங்கள். முழுக்கப் படர்ந்திருந்தால் கட்டிக் குழாயில் போட்டுவிட்டு வாளியைக் கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் வாளி வீணாவது எல்லாருக்கும் நடப்பதுதான். புழு வந்தால் மூடி சரியாகப் பொருந்தவில்லை, வேறொன்றுமில்லை. அறைத்தோழர் பயந்துபோய் வாளியைத் தூக்கியெறியும் முன் அவரிடம் முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

செடி வைப்பதற்கு விதி உண்டு. தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் தடையின்றி இருக்கவேண்டும். கைப்பிடிச்சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது, விழுந்தால் கீழே இருப்பவர் உயிர் போகும். தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் தினமும் கொட்டுங்கள். டெங்கிக் கொசு வளர்ந்தால் அபராதம், அதைவிட அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். மண் இறுகினால் மேலே தண்ணீர் தேங்கும், அதையும் கிளறிவிடுங்கள். நிழல் விழும் தாழ்வாரத்தில் வெற்றிலை, பாண்டான், கற்பூரவல்லி நன்றாக வரும். கறிவேப்பிலைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மிஞ்சும் மண்ணை அக்கம்பக்கத்துச் சமூகத் தோட்டத்துக்குக் கொடுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் நாடெங்கும் இத்தகைய தோட்டங்கள் இருக்கின்றன. காலையில் அங்கே களை பறித்துக்கொண்டிருக்கும் மூத்தவரிடம் ‘மண் வேண்டுமா ஆன்ட்டி?’ என்று கேட்டால், அடுத்த வாரமே உங்கள் கையில் மண்வாரி இருக்கும்.

சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள்

தமிழ்நாட்டில் சூழல் இயக்கம் என்றால் பதாகை, முழக்கம், ஊர்வலம். இங்கே அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ஒருவர் தனியாகப் பதாகை பிடித்து நின்றாலும் அது சட்டப்படி கூட்டம்தான். ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் நடக்கும் பேரணிகளில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம். 2019 செப்டம்பரில் பருவநிலைப் பேரணி நடந்ததும் அங்கேதான். வேலை அனுமதியில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கவும் உள்ளே போகவேண்டாம். தொண்டூழியத்துக்குப் பணம் வாங்கினால் அது வேலையாகிவிடும், அனுமதி அட்டைக்கே ஆபத்து.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் அன்பான வழக்கம். சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்கு உணவு கொடுப்பது 2020 முதல் குற்றம், காக்கையும் புறாவும் குரங்கும் அதில் அடங்கும். அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளி வரை போகலாம். படைத்த சோற்றை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் பிறகு நீங்களே உண்ணலாம். பூங்காவில் வேப்பிலையும் தோரணத்துக்கு மாவிலையும் பறிப்பதும் விதிமீறல்தான். கேம்பல் லேன், பஃபலோ ரோடு கடைகளில் கட்டாகக் கிடைக்கும்.

குரல் கொடுக்க வழியே இல்லை என்று நினைக்கவேண்டாம். பெரிய கட்டுமானங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் பல, கருத்துக்கேட்புக்காகப் பொதுவில் வெளியிடப்படுகின்றன. குறிப்பிட்ட மரம், குறிப்பிட்ட ஓடை, நீங்கள் பார்த்த பறவை, பார்த்த தேதி என்று எழுதினால் படிக்கிறார்கள். பொதுவாகக் ‘காட்டை அழிக்காதீர்’ என்று எழுதும் கடிதத்துக்கு அவ்வளவு எடை இல்லை. அப்படி எழுதுவதற்கு ஓர் இடத்தைத் தெரிந்திருக்கவேண்டும். அதுதான் அடுத்த படி.

ஐந்தாம் படி: ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கடற்கரை இருக்கிறது. அதைத் தூர்த்து நிலமாக்கத் திட்டம் இருந்தது. தண்ணீர் வற்றும் நேரத்தில் அங்கே போன இயற்கை ஆர்வலர்கள் கண்டதைப் படம்பிடித்து, எழுதி, பட்டியலிட்டு அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் போய்ப் பார்த்தார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. அந்த உழைப்பில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் 2019இல் மறைந்த சுபராஜ் ராஜதுரை. சுங்கை பூலோ சதுப்புநிலத்தைக் காப்பதற்கும் முன்நின்ற தமிழர். பறவையின் குரலைக் கேட்டே இனம் சொன்னவர். அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவை இங்கே நீண்ட காலம் ஒருங்கிணைத்த என். சிவசோதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1992 முதல் நடந்துவரும் அந்தப் பணியில் குப்பையைப் பொறுக்குவதோடு ஒவ்வொரு பொருளையும் வகைபிரித்து எண்ணி எழுதுகிறார்கள். ஆக, இந்த வேலைக்கு இங்கே நம்மவர்கள் ஏற்கனவே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

துப்புரவுக்குப் போகும்போது அலையாத்திச் சேற்றில் கால் புதையும். கட்டுக்காலணி, நீளக்கால்சட்டை, தடித்த கையுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒருவர் எண்ணி எழுத, மற்றவர்கள் எடுக்கும்படி நான்கு பேர் குழுவாகப் பிரியுங்கள். வேர்களுக்கிடையே சிக்கிய வலையை இழுக்காதீர்கள், கத்தரித்து எடுங்கள். இழுத்தால் நாற்று பிடுங்கிக்கொண்டு வரும்.

தனியாகத் தொடங்க சாங்கிக் கடற்கரை எளிது. தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜுக்குப் போகும். முதலில் கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓதப் பட்டியலைப் பாருங்கள். நீர்மட்டம் 0.4 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அப்படி வற்றும், நாட்காட்டி பார்க்கத் தெரிந்த நமக்கு இது சுலபம். ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை விடிவதற்கு முன்பும், ஆண்டின் கடைசியில் மாலையிலும் நன்றாக வற்றும். நீர் மிகக் கீழே இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, நீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள்.

முழங்கால்வரை மூடிய பழைய காலணி கட்டாயம், மணலுக்குள் திருக்கையும் கல்மீனும் புதைந்திருக்கும். கால் வைக்கும் இடத்தில் விளக்கடித்துப் பார்த்து, வெறும் மணலில் மட்டும் மிதித்து நடங்கள். நாடா போன்ற கடற்புல்லின் மேல் ஏறாதீர்கள். வாளி, வலை வேண்டாம். எதையும் எடுக்கவோ தூக்கிப் படம்பிடிக்கவோ வேண்டாம். கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் செத்துவிடும், ஆகவே புரட்டாதீர்கள். ஒரே இடத்தில் குனிந்து ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும். முதலில் வெறும் சேறாகத் தெரிந்த இடத்தில் கம்பளம் போல் விரிந்த கடற்சாமந்தி, அதன் இதழ்களுக்கிடையே விரல்நக அளவில் கண்ணாடி போன்ற இறால், பக்கத்தில் மணலைத் தின்று மணலைத் துப்பும் கடல்வெள்ளரி என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

பார்த்ததை அன்றே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், நீர்மட்டம், என்ன, எத்தனை. விடிவதற்கு முன்பான வற்றுக்கு ரயிலும் பேருந்தும் ஓடாது. மூன்று பேர் சேர்ந்து ஒரு டாக்சியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். திரும்பும்போது சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் கடைகள் திறந்திருக்கும். டப்பாவை மறக்காமல் எடுத்துப்போங்கள்.